என் ஏஆர்-15க்கு கேஸ் சரிபார்த்த அனுபவம்

டெக்ஸாஸில் நிலம் வைத்திருக்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மழைக்கு அடுத்தபடி காட்டுப்பன்றிதான் வரும். ஒரே இரவில் மேய்ச்சல் நிலத்தை டிராக்டர் ஓட்டிய மாதிரி புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். தொல்லை தாங்காமல் மாநிலமே இறங்கி வந்துவிட்டது. 2019 செப்டம்பரிலிருந்து, நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமம் வேண்டாம். எனக்குப் பழக்கமான ஒருவரின் பண்ணைக்காகத்தான் இந்த ஏஆர்-15 அரைத்தானியங்கி ரைஃபிளைக் கட்டினேன். போட்டிக்கு இல்லை, அழகு பார்க்கவும் இல்லை. இருட்டில், தூசியில், பனியில், கையில் கிடைக்கிற தோட்டாவைப் போட்டால் ஓட வேண்டும். கேஸ், அதாவது ரைஃபிளை இயக்குகிற வாயு, விஷயத்தில் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து வந்தவை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க மத்திய சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. வேட்டை உரிமத்தை ஒட்டி ஒரு விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அதை வக்கீலிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இருப்பவர் டெக்ஸாஸ்காரன் எழுதுவதைப் பார்த்து எதையும் வாங்கிவிடக் கூடாது.

ஊரில் என்.சி.சி.யில் நான் சுட்டதெல்லாம் .22 போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைதான் போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடுகிற எஃகுத் தண்டை, இழுக்கும், கைதான் தள்ளும். அரைத்தானியங்கி ரைஃபிளில் அந்தக் கை வேலையை வாயு செய்கிறது. குண்டு குழலுக்குள் ஓடும்போது அதன் பின்னால் வரும் வாயுவில் சிறு பங்கு, குழலின் மேல் பக்கம் இருக்கிற பொடி ஓட்டை வழியாக, அதன் மேல் மாட்டியிருக்கிற கேஸ் பிளாக்குக்குள் ஏறுகிறது. அங்கிருந்து மெல்லிய எஃகுக் குழாயில் (கேஸ் டியூப்) பின்னோக்கி வந்து, போல்ட்டைச் சுமக்கிற கேரியரின் தலையில் திருகியிருக்கிற 'கேஸ் கீ' வழியாகக் கேரியருக்குள் விரிகிறது. கேரியர் பின்னால் நகர, போல்ட் திரும்பிப் பூட்டு விடுகிறது. சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே பறக்கிறது, பின்னால் இருக்கிற பஃபர் என்ற எடைக்கட்டையும் ஸ்பிரிங்கும் கேரியரைத் தாங்கி மறுபடி முன்னால் தள்ளுகின்றன, அது வரும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக்கொள்கிறது. 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் போட்ட கணக்கு இது. 'ஏஆர்' என்பதும் ஆர்மலைட்டைத்தான் குறிக்கிறது.

இதில் இரண்டு தூரங்கள் முக்கியம். ஒன்று, ஓட்டை போல்ட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. கிட்ட இருந்தால் அழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். கார்பைன் அளவில் அது ஏறக்குறைய 7.8 அங்குலம், மிட்-லெங்க்த்தில் 9.8, பழைய ரைஃபிள் அளவில் 13க்குக் கொஞ்சம் மேல். இன்னொன்று, ஓட்டையைத் தாண்டிக் குழல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. குண்டு அந்த மிச்சத் தூரத்தைக் கடக்கும் வரைதான் வாயு உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும், குண்டு வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடும். 14.5 அங்குலக் குழல் உள்ள ராணுவ எம்4 கார்பைனில் இந்த மிச்சம் சுமார் 7 அங்குலம். சாதாரண ரைஃபிளுக்குக் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று மத்திய சட்டம் சொல்வதால், அதே கார்பைன் அமைப்பைக் கடைகளில் 16 அங்குலக் குழலில் வைத்து விற்கிறார்கள். மிச்சம் 8 அங்குலத்தைத் தாண்டிவிடும். கடையில் கிடைக்கிற மலிவான ரைஃபிள்கள் தோளில் இடிப்பதற்கு இது ஒரு காரணம். நான் 16 அங்குலக் குழலில் மிட்-லெங்க்த் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான்.

லோயரை, அதாவது டிரிகர் இருக்கிற கீழ்ப்பாதியை, கடையில் முறைப்படி துப்பாக்கி வாங்குவதற்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து வாங்கினேன். குழல், கேஸ் பிளாக், டியூப் மூன்றும் பூட்டிய நிலையில் வேறொரு கடையிலிருந்து வந்தன. சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, .223 வைல்ட் வகை. அதில் .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ இரண்டு வகைத் தோட்டாவையும் போடலாம். (.223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 போடாதீர்கள்.)

ரேஞ்சில் சுட்டதும் நோய் தெரிந்துவிட்டது. கொஞ்சம் காரமான, அதாவது அழுத்தம் கூடிய, 5.56 தோட்டாவில் பெரும்பாலும் ஓடியது. மலிவான .223 (குண்டு எடை 55 கிரெய்ன்) போட்டால் உறை சோம்பலாக வலப்பக்கம் பின்னால் விழும், போல்ட் அடுத்த தோட்டாவை எடுக்காமல் வெறும் சேம்பரில் மூடிக்கொள்ளும், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால் நிற்காது. ஷார்ட் ஸ்ட்ரோக் என்பார்கள். கேரியர் முழுத் தூரம் பின்னால் போகவில்லை என்று அர்த்தம்.

கூட வந்த மதுரைத் தம்பி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "அண்ணே, கேஸ் பத்தலண்ணே. ஓட்டைய ஒரு நம்பர் பெருசாத் தொளைச்சு விட்டா சரியாப் போயிரும்."

அவன் சொன்னதில் பாதி சரி. கேஸ் பத்தவில்லை என்பது உண்மை. ஆனால் ஓட்டையைப் பெரிதாக்குவது திரும்ப வர முடியாத வேலை. குழலில் துளைத்த இரும்பை யாரும் மறுபடி வைக்க முடியாது. "எல்லாத்தையும் பாத்துட்டுக் கடைசியா அதுக்கு வருவோம்டா" என்றேன். பிறகு பார்த்த வரிசையை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காசு செலவில்லாத சோதனை முதலில். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, காலி மேகசினைப் போட்டு, சார்ஜிங் ஹேண்டிலைக் கையால் முழுக்க இழுங்கள். போல்ட் பின்னால் நிற்க வேண்டும். கையால் இழுத்தும் நிற்கவில்லை என்றால் மேகசினிலோ, போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்துகிற போல்ட் கேட்ச்சிலோ கோளாறு, கேஸ் பிளாக்கை நோண்டி ஒன்றும் ஆகாது. என்னுடையது நின்றது. வேறு மேகசின்களிலும் நின்றது.

அடுத்து எண்ணெய். புது ரைஃபிள் காய்ந்த நிலையில் வரும். கேரியரின் அடியில் உராயும் தடங்கள், கேம் பின், போல்ட் வளையங்கள் எல்லாம் ஈரமாக மின்ன வேண்டும். இதிலேயே பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடுகிறது என்பது ரேஞ்சில் நான் கண்ணால் பார்த்தது. எனக்குத் தீரவில்லை.

பிறகு கேரியர். கேஸ் கீ-யின் இரண்டு திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா, அவற்றின் விளிம்பில் உலோகத்தைக் கொத்தி அடைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். கீ-க்கு அடியிலிருந்து கரி ஒழுகியிருந்தால் அங்கே வாயு கசிகிறது. வளையங்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, கேரியரை போல்ட் முகத்தின் மேல் நிமிர்த்தி மேசையில் நிறுத்துங்கள். தன் எடையிலேயே கேரியர் சரிந்து உட்கார்ந்தால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. நின்றால் நல்லது. அப்புறம் பஃபரும் ஸ்பிரிங்கும் இல்லாமல் அப்பரில் (ரைஃபிளின் மேல்பாதியில்) கேரியரை மட்டும் விட்டு முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தேன். டியூப் கீ-க்குள் நுழையும் இடத்தில் தட்டினால் கையிலேயே உணரலாம். தட்டவில்லை.

பஃபரையும் வெளியே எடுத்து முகத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். சாதாரண கார்பைன் பஃபர் சுமார் 3 அவுன்ஸ், 'எச்' 3.8, 'எச்2' 4.6 அவுன்ஸை ஒட்டி, 'எச்3' ஐந்தரைக்குப் பக்கம். உள்ளே இருக்கிற மூன்று எஃகு வில்லைகளில் எத்தனை டங்ஸ்டனாக மாறியிருக்கின்றன என்பதுதான் வித்தியாசம். வாங்கும்போதே கனமான பஃபர் மாட்டியிருந்தால் கேஸ் குறைவு போலவே தெரியும். என்னுடையது சாதாரண 3 அவுன்ஸ்தான். அவ்வளவு இலேசான பஃபரோடும் ஷார்ட் ஸ்ட்ரோக் என்றால் வாயு வழியில் எங்கோ தொலைகிறது.

குழலைச் சுற்றியிருக்கிற ஹேண்ட்கார்டைக் கழற்றி, கேஸ் பிளாக்கை எடுத்ததும் காரணம் கிடைத்துவிட்டது. ஓட்டையைச் சுற்றிக் குழலில் படிந்த கரி வட்டமாக இல்லை, பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும். பிளாக்கின் ஓட்டையும் குழலின் ஓட்டையும் நேருக்கு நேர் நிற்கவில்லை. காரணம் சின்னது. பழைய அமைப்பில் கேஸ் பிளாக்குக்கும் குழலின் தோள்பட்டைக்கும் நடுவில் ஹேண்ட்கார்டைப் பிடிக்கிற ஒரு தகட்டு மூடி இருக்கும். இப்போது வருகிற, குழலைத் தொடாமல் நிற்கிற ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டில் அந்த மூடி கிடையாது. பல பிளாக்குகளைப் பூட்டும்போது அதன் தடிமனுக்குச் சமமான இடைவெளியை, ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டரை, விட்டுத்தான் பூட்ட வேண்டும். பூட்டியவர் தோள்பட்டையோடு இழைய ஒட்டிவைத்துத் திருகிவிட்டார். இரண்டு மில்லிமீட்டர் சொச்ச ஓட்டையில் முக்கால் மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை.

குழலின் ஓட்டை நடுவிலிருந்து நேராகப் பின்னாலும் முன்னாலும் பென்சிலில் கோடு இழுத்தேன். காலிப்பரால் தோள்பட்டையிலிருந்து ஓட்டைக்கு ஒரு அளவு, பிளாக்கின் பின் விளிம்பிலிருந்து அதன் ஓட்டைக்கு ஒரு அளவு. இரண்டின் வித்தியாசம்தான் விட வேண்டிய இடைவெளி. அந்தத் தடிமனுக்கு ஃபீலர் கேஜைச் செருகிப் பிளாக்கை உட்காரவைத்தால் போதும். திருகு உட்காரும் இடத்தில் குழலில் ஒரு சின்னக் குழி இருந்தால் பிளாக் நகராது. திருகு கழலாமல் இருக்கப் போடுகிற, கடையில் கிடைக்கிற நீலப் பசையை நம்பாதீர்கள், கேஸ் பிளாக் சூட்டில் அது பிடி விட்டுவிடும். சூடு தாங்குகிற ராக்செட் வகைதான் இங்கே சரி.

பிளாக் கழன்றிருக்கும்போதே ஓட்டையை அளந்துவிட்டேன். டிரில் பிட்டின் மழுங்கிய பின்பக்கம் போதும். 5/64 அங்குலம், அதாவது 0.078, தாராளமாக ஆடியது. 44ஆம் எண் பிட், 0.086, கச்சிதமாக நுழைந்தது. 16 அங்குல மிட்-லெங்க்த்துக்கு 0.076 முதல் 0.080 வரை இருந்தாலே போதும். ஆக, 'கேஸ் பத்தவில்லை' என்று ஆர்ப்பாட்டம் செய்த ரைஃபிளின் ஓட்டை, தேவைக்கு மேல் பெரிது! தம்பி சொன்னபடி துளைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான்.

பிளாக்கை நேராக்கிவிட்டுச் சுட்டதும் எதிர்த் திசை நோய் வந்தது. எதிர்பார்த்ததுதான். அதே மலிவுத் தோட்டாவின் உறை இப்போது முன்பக்கமாகப் பறக்கிறது. குழல் முனையை 12 மணி என்று வைத்துக்கொண்டால் 3 மணியிலிருந்து நாலரைக்குள் விழுவது நலம். 1, 2 மணிப் பக்கம் என்றால் கேரியர் மிஞ்சிய வேகத்தில் வருகிறது, 5ஐ நோக்கிப் போனால் தளர்கிறது. இது ஜோசியம் மாதிரி ஒரு குறிதான், எஜெக்டர் ஸ்பிரிங்கும் பித்தளை பட்டுத் திரும்புகிற மேடும் இதை மாற்றிவிடும். உறையின் விளிம்பையும் பாருங்கள், உறையை இழுக்கிற கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடம் வளைந்திருந்தால் அழுத்தம் இறங்குவதற்குள் உறையைப் பிடுங்குகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். கேஸ் மிஞ்சினாலும் அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம். கேரியர் அவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது, மேகசின் ஸ்பிரிங் தோட்டாவை மேலே தூக்குவதற்குள் போல்ட் தாண்டிப் போய்விடுகிறது. வெறும் சேம்பர், குறைந்த கேஸிலும் இதே காட்சி. உறை விழுந்த இடத்தைப் பார்க்காமல் 'ஏறவில்லை' என்பதை மட்டும் வைத்து மருந்து கொடுத்தால் பாதி நேரம் எதிர் மருந்தாகிவிடும்.

அப்புறம்தான் கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு உள்ள கேஸ் பிளாக்கை வாங்கினேன். கிளிக் கிளிக் என்று நின்று நின்று போகிற வகை, ஹேண்ட்கார்டின் முன்னாலிருந்து நீள ஆலன் கீ போட்டுத் திருப்பலாம். முறை எளிது. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட வேண்டும். போல்ட் பின்னால் நிற்கிறதா? திருகை முழுக்க மூடிய நிலையில் தொடங்கி, நிற்காத ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் திறக்க வேண்டும். திருகைத் தொடும் ஒவ்வொரு முறையும் மேகசின் வெளியே, சேம்பர் காலி, குழல் இலக்குப் பக்கம். பிளாக் சுடும், கையை வைக்காதீர்கள். சத்தம் 'புஸ்' என்று வித்தியாசமாக வந்து போல்ட்டும் நகரவில்லை என்றால் "கேஸ் மூடியிருப்பதால்தான்" என்று நினைத்து அடுத்ததை ஏற்றிவிடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்த்தே ஆக வேண்டும்.

தோட்டா எது என்பதில்தான் நான் பலரோடு வேறுபடுகிறேன். போட்டிக்குச் சுடுகிறவர்கள் தங்களுடைய ஒரே வகைத் தோட்டாவுக்கு, போல்ட் பின்னால் நிற்கிற அந்த விளிம்பிலேயே திருகை நிறுத்திக்கொள்கிறார்கள். இலேசான கேரியர், இலேசான பஃபர், உதை என்பதே தெரியாது. கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். எனக்கு அது ஆகாது. நான் திருகை வைத்தது கிடைப்பதிலேயே பலவீனமான .223 தோட்டாவுக்கு. போல்ட் நிற்கத் தொடங்கிய இடத்திலிருந்து இன்னும் மூன்று கிளிக் திறந்துவிட்டு, அப்படியே துடைக்காமல் அழுக்கோடு தொடர்ந்து சுட்டு, எல்லா மேகசின்களிலும் பார்த்தேன். வெயிலில் வைத்த கணக்கு குளிரில் செல்லாது. தோட்டாவின் வெடிமருந்து குளிர்ந்தால் அழுத்தம் குறையும், எண்ணெயும் கெட்டியாகும். ஆகஸ்ட்டில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற டாலஸ் பக்கத்தில் 2021 பிப்ரவரியில் மைனஸ் 19 செல்சியஸ் வரை இறங்கியது. ஆகவே ஜனவரிக் காலையில் ஒருமுறை போய் உறுதி செய்துகொண்டேன்.

பஃபரை அதற்குப் பிறகுதான் தொட்டேன், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. 'எச்' பஃபர் போட்டதும் கேரியர் கொஞ்சம் நிதானமானது, மூடும்போது துள்ளுவதும் குறைந்தது. அதோடு ஒரு கிளிக் கூடத் திறக்க வேண்டியிருந்தது. காரமான 5.56 போட்டால் இன்னும் உறை 3 மணிக்குச் சற்று முன்னால் விழுகிறது. விழட்டும். அந்தப் பக்கம் மிச்சம் இருப்பதை நான் விரும்புகிறேன்.

பழைய ஆட்கள் சிலர் "எம்16 காலத்திலேயே இந்தத் தலைவலி உண்டு" என்பார்கள். வரலாறு அதைவிடக் கசப்பானது. ஏஆர்-15இன் ராணுவ வடிவமான அந்த ரைஃபிள் ஒரு வகைக் குச்சி வடிவ வெடிமருந்தை வைத்து வடிவமைக்கப்பட்டது, பிறகு 1960களில் ராணுவம் உருண்டை வடிவ வெடிமருந்துக்கு மாறியது. ஓட்டையருகே அழுத்தம் கூடி, சுடும் வேகம் ஏறி, அழுக்கும் கூடியது. சேம்பரில் குரோம் பூச்சு இல்லை, படைகள் பலவற்றிடம் துடைக்கும் சாமான்கூட இல்லை. வியட்நாமில் ரைஃபிள்கள் சிக்கி நின்றன. 1967இல் அமெரிக்கக் காங்கிரஸின் இகார்ட் துணைக்குழு இதை விசாரித்து ராணுவத்தைக் கடுமையாகச் சாடியது. தோட்டாவை மாற்றினால் கேஸ் கணக்கு மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. இன்றும் புது வகைத் தோட்டாப் பெட்டி வாங்கினால் முதலில் அந்த ஒற்றைத் தோட்டாச் சோதனைதான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பொத்தானான பிரைமர் தட்டையாகி, அங்கேயே பளபளப்பான தழும்பு விழுந்தால் அது தோட்டாவின் அழுத்தம் மிஞ்சியதன் அடையாளமாக இருக்கலாம். கேஸ் திருகை மூடினால் சேம்பர் அழுத்தம் ஒரு துளியும் குறையாது, கேரியருக்குப் போகிற பங்குதான் குறையும். அந்த அடையாளம் கண்டால் அந்தப் பெட்டியையே நிறுத்திவிட வேண்டும்.

குழல் முனையில் சத்தம் குறைக்க மாட்டுகிற சப்ரஸர் போட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் புதிது. அடைத்துக்கொண்ட வாயு திரும்பி வந்து கேரியரை விரட்டும், சுடுபவரின் கண்ணிலும் புகையடிக்கும். என்னிடம் சப்ரஸர் இல்லை. வைத்திருக்கிற ரேஞ்சு நண்பர் இரண்டு நிலைகளையும் தனித்தனியாகச் சோதித்து, மாட்டும்போது இத்தனை கிளிக் மூடு, கழற்றும்போது இத்தனை திற என்று ஹேண்ட்கார்டின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார்.

நானும் என் கிளிக் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறேன், வேறு காரணத்துக்காக. இந்த வகைத் திருகுகள் கரி ஏறி இறுகிவிடும். பல மாதம் தொடாமல் விட்டால் ஆலன் கீ-யின் முனைதான் மழுங்கும். ஆகவே ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் திருகை முழுக்க உள்ளே, முழுக்க வெளியே ஓட்டி, திருகு இறுகாமல் காக்கிற, சூடு தாங்குகிற ஆன்டி-சீஸ் பசை ஒரு துளி வைத்து, எழுதின எண்ணுக்கே திரும்பக் கொண்டுவருகிறேன். சுடச் சுடக் குழலின் ஓட்டை அரித்துப் பெரிதாகும் என்பதால், உறை மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து விழ ஆரம்பித்தால் ஒரு கிளிக் மூடிவிட்டு எண்ணைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.